கவுண்டர் நின்றது பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

வெள்ளிக்கிழமை
மாலை நாலரை மணி

மதிப்புக்கும் வணக்கத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்தவன் பணிந்து எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவியும் உடலளவில் சௌக்கியம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், இப்போது தங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட என் மகளும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விசாரிப்புகளை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கடந்த எட்டு நாளில் இந்தக் கடிதத்தை ஆறு முறை தொடங்கினேன். ஆறு முறையும் தங்கள் முழங்காலோடு நின்றுவிட்டேன்.

சென்ற வாரம் வியாழக்கிழமை, நம் பிள்ளைகளின் திருமணத்தைப் பதிவு செய்ய முப்பத்தாறு பேர் புதுத்துணி கட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, கவுண்டர் கம்ப்யூட்டர் நின்றுபோனதல்லவா? அதை நிறுத்தியவன் நான். தங்கள் தம்பி வீட்டார் ரயிலைத் தவறவிட்டதற்கும், தங்கள் அக்காவுக்குத் தலை சுற்றியதற்கும், போட்டோக்காரர் கோபித்துக்கொண்டு போனதற்கும் நானே பொறுப்பு. இதை நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. தாங்கள் முப்பத்து நாலு வருஷம் ரயில் ஓட்டியவர். சிக்னல் விழுந்தால் போவீர்கள், விழாவிட்டால் நிற்பீர்கள். எங்கள் தொழிலில் சிக்னல் விழுந்த பிறகும், அது எதற்காக விழுந்தது என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புரட்டாதவன் கதி என்ன என்பதைத்தான் கீழே விவரிக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு கம்ப்யூட்டர் கூடத்தில் என்பது தங்களுக்குத் தெரியும். மேஜை மேல் வைக்கிற கம்ப்யூட்டர் அல்ல. மெயின்ஃப்ரேம் என்று சொல்வோம், நாலு பீரோவைச் சேர்த்து நிறுத்தியதுபோல் இருக்கும், குளிர்ந்த அறையில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். இந்த நகரத்தின் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் அதில்தான் பதிவாகின்றன. பிறக்கப் போனாலும் இறக்கப் போனாலும் எங்கள் அறை வழியாகத்தான் போக வேண்டும். இருபத்தொன்பது வருஷமாக அதற்குப் பணிவிடை செய்து வருகிறேன். அதற்குக் கோபம் வந்தால் எனக்குத் தெரியும், எனக்குக் கோபம் வந்தால் அதற்குத் தெரியாது.

திருமணத்துக்கு எட்டு நாள் முன்பு பதிவாளர் நம் இரு குடும்பத்தையும் அழைத்து, மாப்பிள்ளையின் பிறப்பு மெஷினில் இல்லை என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? பழைய தாள் சான்றிதழ் செல்லாது, மெஷினில் இருந்தால்தான் ஒருவர் பிறந்ததாக அர்த்தம் என்றும் சொன்னார். ஆறடி உயரத்தில் மாப்பிள்ளை அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். வியாழக்கிழமை ஒரு மணிக்குள் பதிவு வந்து சேராவிட்டால் விண்ணப்பம் ரத்து, மறுபடி கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளைக்கோ அதிலிருந்து பத்தாம் நாள் கப்பல். ஏறினால் பத்து மாதம். அன்று வீட்டுக்கு வந்ததும் என் மகள் அறைக்கதவைச் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் தங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது காரணத்தை விளக்கினேன். மாப்பிள்ளை பிறந்த சிற்றூரின் பதிவு அலுவலகத்தை மூன்று வருஷம் முன்பு எங்களோடு இணைத்துவிட்டார்கள். அவர்களுடைய முப்பத்திரண்டு வருஷப் பிறப்புகளையும் சுருக்கி, ஒரே ஜிப் ஃபைலாக எங்களுக்கு அனுப்பினார்கள். அதை விரிக்கிற ப்ரோகிராம் எங்கள் மெயின்ஃப்ரேமில் இல்லை. மூன்று வருஷமாக அந்த ஊர்க்குழந்தைகள் அத்தனை பேரும் மடித்து வைத்த பாயாக ஒரு மூலையில் கிடக்கிறார்கள். விரிக்கிற ப்ரோகிராமை வரவழைத்து நிறுவினால் தீர்ந்தது. "ஒரு மணி நேர வேலைங்க சம்பந்தி, நீங்க நிம்மதியா தூங்குங்க" என்று மார்தட்டினேன். தாங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அது அவ்வளவு அவசியங்களா? ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்டை வெச்சு ஒப்பேத்த முடியாதா? எதுக்குப் பழசையெல்லாம் கிளறிக்கிட்டு" என்றீர்கள். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்கிற பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் என் மனைவியிடம் தங்கள் குணத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தேன்.

இனி என் அறிவீனங்களை வரிசையாகச் சொல்கிறேன். மேலாளர் அனுமதி கொடுத்தார். ப்ரோகிராம் திங்கட்கிழமை என் மேஜைக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது, கூடவே பதினோரு பக்கத்தில் செய்முறைக் கையேடு. கையேட்டை நான் படிக்கவில்லை. இருபத்தொன்பது வருஷ அனுபவம் என்பது கையேட்டைப் படிக்காமலிருக்கும் உரிமை என்று நினைத்திருந்தேன். மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து ப்ரோகிராமை மெயின்ஃப்ரேமுக்கு அனுப்ப வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு அரிச்சுவடி படித்தவை, எங்கள் மெயின்ஃப்ரேம் வேறொரு அரிச்சுவடி படித்தது. அதனால் எதை அனுப்பினாலும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கும், நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய. எழுத்தாக இருந்தால் அது உபகாரம். ப்ரோகிராமாக இருந்தால் உபத்திரவம். மருந்துச் சீட்டை மொழிபெயர்க்கலாம், மருந்தையே மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? நான் வேண்டாம் என்று சொல்ல மறந்தேன். மெயின்ஃப்ரேமிடம் வாங்கிக்கொள் என்று கட்டளை கொடுத்தால், இது எனக்குப் புரியும் வடிவத்தில் இல்லை என்று திருப்பிவிட்டது. நாலு முறை அனுப்பினேன். நாலு முறையும் அதையே சொன்னது. நான் அதைத் திட்டினேன், ப்ரோகிராம் செய்தவர்களைத் திட்டினேன், மொழிபெயர்ப்பைக் கண்டுபிடித்தவரையும் விடவில்லை. திங்கட்கிழமை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மொழிபெயர்க்காமல் அனுப்பினேன். அப்போதும் அதே பதில். எங்கள் அறையில் கன்சோலை, அதாவது மெஷின் பேசுகிற திரையை, பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாள் இருக்கிறார். எதற்கும் அவசரப்படமாட்டார் என்பதால் எல்லாரும் அவரை நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "சார், எண்பது எண்பதா நறுக்கி வெச்சீங்களா?" என்றார். எதை என்றேன். "உள்ள வர்றது எண்பது எழுத்து நீளத்துல துண்டு துண்டா இருந்தாத்தான் இது வாங்கும். மூணாம் பக்கத்துல போட்டிருக்கு." மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது. தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கீழே கோடும் இழுத்திருந்தது. எண்பதாக நறுக்கி அனுப்பினேன். சமர்த்தாக வாங்கிக்கொண்டது.

ஆனால் வாங்கியதை, மெஷினுக்குள்ளேயே ப்ரோகிராம்களுக்கென்று இருக்கும் பொது நூலகத்தில் வைத்தால்தான் ஓட்ட முடியும். அதன் சாவி பாதுகாப்புப் பிரிவு அதிகாரியிடம் இருக்கிறது. அவரைப் பூட்டம்மா என்போம். இரண்டு வேலை நாள் ஆகும் என்றார். "அம்மா, எம்பொண்ணு கல்யாணம்மா" என்றேன். அவர் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "சார், கல்யாணம்னு இதுல ஒரு கட்டம்கூட இல்லையே. எங்க எழுதுவேன்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான வருத்தத்தோடு கேட்டார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதனால்தான் சம்பந்தி, பெண்ணின் அப்பன் அன்று காலை தங்களை வாசலில் நின்று வரவேற்கவில்லை. என் மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏங்க, பொண்ணு கல்யாணத்தன்னிக்கு லீவு போடாத ஒரே அப்பா நீங்களாத்தான் இருப்பீங்க. அவங்க கேட்டா என்ன சொல்ல? மாப்பிள்ளை பொறக்கறதுக்காகப் போயிருக்கார்னா?"

ஒன்பது மணிக்குப் பூட்டம்மா திறந்தார். ஒன்பதே காலுக்கு ப்ரோகிராமை நிறுவினேன். ஒரு சின்ன ஃபைலைக் கொடுத்து விரிக்கச் சொன்னேன், விரித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அந்த ஊர் ஃபைலைக் கொடுத்தேன். எங்கள் மெயின்ஃப்ரேமில் எதைச் செய்வதற்கு முன்பும் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கும், வாடகைக்கு வீடு விடுபவர் எத்தனை பேர் என்று கேட்கிற மாதிரி. சுருங்கிய ஃபைலைப்போல் இரண்டு மடங்கு இடம் போதும் என்று எழுதினேன். நாலு நிமிஷத்தில் இடம் போதவில்லை என்று படுத்துவிட்டது. பத்து மடங்கு கேட்டேன். பத்து நிமிஷம் ஓடி, படுத்துவிட்டது. மணி பத்தைத் தாண்டியது. தாங்கள் எல்லாரும் பதிவு அலுவலகத்துக்கு வந்துவிட்டதாக என் மனைவி போன் செய்தாள். எங்களிடம் ஒரு பொது டிஸ்க் உண்டு, நகரத்தின் ஒன்பது பதிவுக் கவுண்டர்களும் அன்றைய வேலையை அதில்தான் எழுதும். அங்கே நிறைய இடம் இருந்தது. அதைக் காட்டி, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள் என்று எழுதி ஓட்டிவிட்டேன். இருபத்தொன்பது வருஷத்தில் யாருக்கும் நான் கொடுக்காத சலுகை.

சுருக்குவது என்றால் என்னவென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்தச் சிற்றூர் அலுவலகத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்திருந்தார்கள், இரண்டாயிரம் எழுத்து நீளத்தில். யார் என்ன குறிப்பு எழுதப் போகிறார்கள்? எல்லாருக்கும் அது காலி. சுருக்கும்போது, இங்கே இரண்டாயிரம் காலி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடலாம். விரிக்கும்போது அந்த இரண்டாயிரத்தையும் ஒன்றுவிடாமல் வரிசையாகப் போட வேண்டும், குழந்தைக்கு இரண்டாயிரம் வீதம். ஒன்றுமில்லாததற்குத்தான் சம்பந்தி, அவ்வளவு இடம் தேவைப்பட்டது. பத்து முப்பத்தொன்றுக்கு டிஸ்க் நிரம்பியது. கன்சோலில் சிவப்பு வரிகள் ஏறத் தொடங்கின, ஒவ்வொரு கவுண்டராக. நம் கவுண்டரும் அதில் இருந்தது.

உடனே என் மகளிடமிருந்து போன். "அப்பா, இங்க கவுண்டர் நின்னுபோச்சுப்பா. எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. மாமா எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்கார், எங்கயோ யாரோ முட்டாள் மெஷினை நிறுத்திட்டான், இன்னிக்கு வராது, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்னு. அப்பா, உங்க ஆபீஸ்தானே? யாருப்பா அது?" மாமா என்றது தங்களைத்தான். நான் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தேன். பெற்ற பெண்ணிடம் அதுதான் நான் சொன்ன முதல் பொய் என்று எழுத ஆசை. மூன்றாவதாக இருக்கலாம்.

இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் மாப்பிள்ளை பிறந்துவிடுவார், நிறுத்தினால் கவுண்டர்கள் பிழைக்கும். நகரத்தில் ஒன்பது இடத்தில் ஜனங்கள் நிற்கிறார்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, போனவர்களின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. என் வீட்டுக் காரியத்துக்காக அவர்களை நிறுத்தி வைக்கிறேன் என்பது தெரிந்தும் விரல் நகரவில்லை. இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதற்கு மன்னிப்புக் கிடையாது என்று எனக்கே தெரியும். நிதானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், நிறுத்துங்க" என்றார். "சார், அந்த ஃபைலுக்குள்ள முப்பத்திரண்டு வருஷமும் தனித்தனியாத்தான் இருக்கு. உங்களுக்கு வேணுங்கிறது ஒரு வருஷம்தானே? அதை மட்டும் எடுன்னு சொல்லலாம். ஒம்பதாம் பக்கம்." நிறுத்தினேன். பாதி விரிந்ததையெல்லாம் அழித்தேன். எட்டு கவுண்டர்கள் மூச்சு விட்டன. நம் கவுண்டர் மட்டும் எழவில்லை. நான் செய்த பாவம் என்னைத் தேடி வருகிறது என்று நினைத்துக்கொண்டு, எங்கள் அலுவலகத்து ஒயர்காரரை அங்கே அனுப்பச் சொன்னேன். பிறகு கையேட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன், பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளை படிப்பதுபோல.

மாப்பிள்ளை பிறந்த வருஷம் மட்டும் நாற்பது நொடியில் விரிந்தது. திறந்து பார்த்தால் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, எறும்பு மைக்கூட்டில் விழுந்து நடந்ததுபோல் இருந்தது. ப்ரோகிராமை மொழிபெயர்க்கக் கூடாது, ஆனால் அது விரித்துத் தருகிற எழுத்தை மொழிபெயர்க்க வேண்டும். திங்கட்கிழமை செய்யக் கூடாததைச் செய்தேன், வியாழக்கிழமை செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. ஆறாம் பக்கம். பதினொன்றே காலுக்குக் குழந்தைகள் ஒவ்வொன்றாகப் பெயரோடும் தேதியோடும் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் பிறந்த தேதியைத் தேடினேன். அன்று அந்த ஊரில் ஒரே ஒரு குழந்தைதான் பிறந்திருக்கிறது.

சம்பந்தி, இதற்கு மேல் எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதை எழுதத்தான் மேலே இத்தனை பக்கம் சுற்றினேன்.

தந்தை என்ற கட்டத்தில் தங்கள் பெயர் இல்லை. தாய் என்ற கட்டத்தில் சம்பந்தியம்மாவின் பெயர் இல்லை. விரித்ததில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். அந்த மட்டமான ப்ரோகிராம் ஒரு குழந்தையின் அப்பாவை எடுத்து இன்னொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டது என்று நிதானத்திடம் கத்தினேன். முன்னும் பின்னும் முப்பது குழந்தைகளைச் சரிபார்த்தேன். மறுபடி ஒருமுறை விரித்தேன். எண்பது எண்பதாக எண்ணினேன். எங்கும் ஒரு எழுத்து பிசகவில்லை. நிதானம் மெல்லச் சொன்னார்: "சார், மெஷின் சரியாத்தான் வாசிக்குது. குறிப்புக் கட்டத்தைப் பாருங்க." அந்த வருஷத்துக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் காலியாக இருந்த அந்தக் கட்டத்தில், இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் இரண்டு வரி இருந்தது. நீதிமன்ற ஆணை எண். நாலாம் மாதத்தில் தத்துக் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்கள்: தாங்களும் சம்பந்தியம்மாவும். தொழில் என்பதற்கு நேரே, ரயில் ஓட்டுநர்.

நிதானம் எழுந்துகொண்டு, "நான் தண்ணி குடிச்சிட்டு வரேன் சார்" என்று போய்விட்டார். அவர் மேஜை மேலேயே பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதற்குப் பழசைக் கிளற வேண்டும் என்று தாங்கள் கேட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வாரம் மூன்று முறை போன் செய்து, "ரொம்ப சிரமப்படாதீங்க சம்பந்தி, நடக்கலேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றீர்களே, அதுவும் புரிந்தது. நான் ஒரு முட்டாள் மட்டுமல்ல, செவிடனும்கூட. மாப்பிள்ளைக்கு இது தெரியாது என்பதையும், முப்பத்தாறு பேர் முன்னால், கவுண்டரில் ஒருவர் உரக்க வாசித்து அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று தாங்கள் தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்பதையும் நினைத்தபோது, நான் டிஸ்க்கை நிரப்பியது ஒரு பெரிய குற்றமாகவே படவில்லை.

பிறப்புப் பதிவில் இரண்டு வகைப் பிரதி உண்டு. முழுப் பிரதியில் எல்லாக் கட்டமும் வரும். சுருக்கப் பிரதியில் பெயர், தேதி, ஊர் மூன்றுதான். தத்துப்பிள்ளைகளுக்காகவே ஏற்பட்டது அது. திருமணத்துக்கு அதுவே போதும் என்று விதியில் இருக்கிறது. கையேடு படிக்கிற பழக்கம் வந்துவிட்டதால் விதிப் புத்தகத்தையும் படித்துவிட்டேன். கவுண்டரில் இருப்பவருக்குக் குறிப்புக் கட்டம் திரையில் தெரியாது என்பதையும் உறுதி செய்துகொண்டேன். பதிவை மெஷினில் ஏற்றினேன். ஒரு சுருக்கப் பிரதியை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தாண்டி ஓடி வந்தேன். இந்த வயதில், புதுச் செருப்போடு.

மீதியைத் தாங்கள் நேரில் பார்த்தீர்கள். தங்கள் கையில்தான் முதலில் கொடுத்தேன். தாங்கள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, படித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, மறுபடி படித்தீர்கள்.

"இவ்வளவுதாங்களா?" என்றீர்கள்.

"இவ்வளவுதாங்க. பேரு, தேதி, ஊரு."

"வேற ஒண்ணும்..."

"வேற ஒண்ணும் வராதுங்க."

தாங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். சர்க்கரை குறைந்துவிட்டது என்று ஆளுக்கு ஆள் பழச்சாறு வாங்க ஓடினார்கள். நான் ஓடவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். என் மகள் கையெழுத்துப் போட்டாள், மாப்பிள்ளை போட்டார். சாட்சிக் கையெழுத்துப் போடும்போது தங்கள் பேனா எழுதவில்லை, என் பேனாவைக் கொடுத்தேன். அது இன்னும் தங்களிடம்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

இந்த விஷயத்தை என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். நிதானம் தண்ணீர் குடித்துவிட்டு வந்ததோடு மறந்துவிட்டார். பிறகு எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். இனி எத்தனையோ முறை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம். எனக்குத் தெரியும் என்பது தங்களுக்குத் தெரியாமல், நான் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் களவாக இருக்கும். அதோடு, தாங்களும் சம்பந்தியம்மாவும் இருபத்தேழு வருஷம் இரண்டே பேராகச் சுமந்ததை, வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒருவன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லவும்தான். பிள்ளை வளர்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தால், இதைவிட நல்ல அப்பா அம்மா வாய்க்க அவர் எந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கவுண்டரை நிறுத்தியதற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறேன். தங்கள் தம்பிக்கும் அக்காவுக்கும் தனித்தனியாக எழுதுகிறேன். போட்டோக்காரரை நேரில் பார்க்கிறேன். தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் இருவரின் வணக்கம். பிள்ளைகள் இருவரும் பிரிந்திருக்கும் மாதங்கள் நாட்களாகச் சுருங்கி, சேர்ந்திருக்கும் நாட்கள் வருஷங்களாக விரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை நாடும்
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி முடித்தபோது ஒயர்காரர் அறிக்கையோடு வந்தார், அதனால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நம் கவுண்டர் நின்றது பத்து முப்பத்தொன்றுக்கு அல்லவாம், பத்து பத்துக்காம். டிஸ்க் நிரம்ப அப்போது இன்னும் இருபத்தொரு நிமிஷம் இருந்தது. பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் கவுண்டரின் ஒயர் கழன்று கிடந்ததாம். அந்த பெஞ்சின் மூலையில் காலையிலிருந்து ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தாராம். ஆகவே முதல் பக்கத்திலிருந்து நான் கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும், மற்ற எட்டுக் கவுண்டர்களுக்கானவை நீங்கலாக, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாங்களும் மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம்.

ஆனால் ஒயர்காரர் இன்னொன்றும் சொன்னார். அந்த ஒயரை அவர் தேடிக் கண்டுபிடிக்கவில்லையாம். புதுச் சட்டை போட்ட, ஆறடி உயரத்தில் ஒரு பிள்ளை அவரை ஓரமாகக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். "இதுதாங்க கழண்டிருக்கு. அப்பா பாக்காதப்ப மாட்டிடுங்க" என்றிருக்கிறார். உங்கப்பா எதுக்குத் தம்பி இதைப் பிடுங்கணும் என்று இவர் கேட்டதற்கு, "நான் கப்பல் வேலைக்குச் சேர்றப்ப பொறந்த ஊர் ஆபீஸ்ல ரிஜிஸ்டரையே பாத்துட்டேங்க. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வருத்தப்படுவார், விட்டுடுங்க" என்றாராம். எதை என்று ஒயர்காரருக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

அவர் தங்கள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், தங்கள் கையில் மட்டும் சேர்க்கச் சொல்லி. மாப்பிள்ளையின் கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. நடுவில் ஒரு சனிக்கிழமை முழுசாக இருக்கிறது.